கழிப்பறை மோட்டாருக்காக மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வழியாக அடையாறு வரை

போனவர்கள் மூன்று பேர். நான், எங்கள் பகுதி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி வசந்தா, அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ரீனா. தலைமையாசிரியை வரவில்லை. அரசியல்வாதியைப் போய்ப் பார்த்தால் மாற்றல் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். மனுவை நான்கு முறை திருத்திக் கொடுத்து, பள்ளி வாசலோடு நின்றுகொண்டார். குழுவில் உள்ள மற்ற பெற்றோருக்கு அன்று வேலை நாள். பள்ளியின் பெயரும் பிரமுகர்களின் பெயரும் கட்சியும் இங்கே எதற்கு? எந்தப் பெயரைப் போட்டாலும் கதை இதுதான்.

விஷயம் சின்னது. மாணவிகள் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கோடை விடுமுறையிலேயே எரிந்துவிட்டது. புது மோட்டார், குழாய், இரண்டு கதவு எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு என்று பிளம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வராததால் ரீனா காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். மாலை வீடு வந்துதான் வாயில் வைப்பாள். சிறுநீர்த் தொற்று இரண்டாவது முறை வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் டி.சி. வாங்கி, கடன்பட்டாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடுவேன் என்கிறார் அவள் அப்பா. அவளுக்குக் கணக்கு டீச்சரை விட்டுப் போக மனமில்லை. கடன் வாங்கக்கூட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அவள் வகுப்பில் பாதிப்பேர். அவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தேவாலயத்தில் ஆறு மணிப் பூசை முடித்து, ஒன்பது பத்துக்குக் குளத்தருகே 5B ஏறினோம். முகப்பில் பிங்க் நிறம் அடித்த சாதாரணப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வசந்தா மறந்துவிட்டார்.

"ஃப்ரீ டிக்கெட்டும் டிக்கெட்டுதாம்மா, வாங்கிக்கோ," என்றார் கண்டக்டர்.

"குடு நைனா. கவர்மென்ட் நமக்குக் குடுக்கிற ஒண்ணே ஒண்ணு, அதையும் வுட்டுட்டா எப்டி?" என்றார் வசந்தா.

ஜெபமாலையை இரண்டு முறை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் தி.நகர் பனகல் பூங்கா வந்தது. நாலரை கிலோமீட்டர்தான், நாற்பது நிமிடம்.

வார்டு நிதியைக் கையில் வைத்திருக்கும் பிரமுகர் காலை வேளைகளில் தன் மைத்துனரின் ஜவுளிக்கடை மாடியில் இருப்பார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மரியாதையான மனிதர், காபியெல்லாம் வரவழைத்தார். மனுவைப் படித்துவிட்டு, "எந்த பாத்ரூம்? வாசலுக்கு மேல அவரு பேர் எழுதிக்கீதே, அதுவா?" என்று கேட்டார். 'அவர்' என்றது எதிர்க்கட்சிக்காரரை. தொகுதி நிதி அவர் கையில். அந்தக் கழிப்பறையைக் கட்டியது அவர் நிதியில்தான். நிதி கொடுத்தவர் பெயரைச் சுவரில் ஓர் அடி உயர எழுத்தில் எழுதுவது எங்கள் ஊர் வழக்கம்.

"அதேதாங்க," என்றேன்.

"அதுக்கு நான் மோட்டார் போட்டா, தண்ணி என்னுது, பேரு அவருக்கு. என் ஆளுங்க என்னைச் சும்மா வுடுவாங்களா?"

"அவசரமா ஓடுற பொண்ணு எவளும் வாசல்ல எழுதினதைப் படிச்சுக்கினு நிக்க மாட்டா," என்றார் வசந்தா.

அவர் சிரித்துவிட்டார். ஆனால் இறங்கி வரவில்லை. ரிப்பேருக்கு நிதி இல்லை, புதிதாகவே கட்டித் தருகிறேன், பழையதை இடிக்கத் தொகுதிக்காரரின் அலுவலகத்தில் ஒரு கடிதம் மட்டும் வாங்கி வந்துவிடுங்கள் என்றார்.

பதினொன்று நாற்பதுக்கு 47A. சைதாப்பேட்டை நெரிசலில் நின்று நின்று அடையாறு சேர ஒரு மணிக்குப் பக்கம். இறங்கியதும் மூன்று பேருக்கும் சாப்பாடு, இருநூற்றுப் பத்து ரூபாய். ரீனா தயிர்சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டாள். தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. பள்ளிக்குப் போகாத நாளிலும் வெளியே வந்தால் இதே பழக்கமாகிவிட்டது.

தொகுதிக்காரரின் அலுவலகத்தில் குளிர்சாதன அறை. அவர் இல்லை. உதவியாளர் இருந்தார், நாற்பது வயதிருக்கும்.

"கட்டி ஒப்படைச்சிட்டோம் மேடம். எங்க கணக்குல அது முடிஞ்ச வேலை. பராமரிப்பு வார்டுக்காரங்க பார்க்கணும்."

"அவரு புதுசு கட்டித் தரேன்றாரு. இடிக்க உங்ககிட்ட லெட்டர் வேணுமாம்," என்றார் வசந்தா.

"எங்க தலைவர் பேரு இருக்கிற சுவத்தை இடிக்க நாங்களே கையெழுத்துப் போடணுமா? நல்லா இருக்கே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வண்ணப் படத்தை எடுத்துக் காட்டினார். பள்ளி முகப்புக்கு நுழைவு வளைவு. மேலே தலைவர் படம், கீழே பெயர். "நாலு லட்சம் ஒதுக்கியாச்சு. உங்க குழு தீர்மானம் போட்டுக் குடுத்தா போதும், அடுத்த மாசம் திறப்பு விழா."

"வளைவுக்குக் கீழ உக்காந்து போவ சொல்றீங்களா பொண்ணுங்கள?" என்றார் வசந்தா.

அந்த நேரம் பார்த்து ரீனா என் காதில், "பாத்ரூம் போகணும்மா," என்றாள். உள்ளே கைகாட்டினார்கள். போய்விட்டு வந்தவள், மூலையில் இருந்த தண்ணீர் கேனில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். இன்னொன்று. மூன்றாவதும்.

"பாவம், நல்ல வெயில்ல," என்றார் உதவியாளர்.

"வெயில் இல்லைங்க. இங்கே பாத்ரூம்ல தண்ணி வருதுன்னு பார்த்துட்டு வந்தா. அதான் குடிக்கிறா," என்றேன்.

அவர் வளைவுப் படத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். பிறகு, "தீர்மானம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் மேடம். இல்லன்னா வளைவு வேற ஸ்கூலுக்குப் போயிடும்," என்றார்.

29C பிடித்து லஸ் வந்து இறங்கும்போது நாலரை.

பொறுமையைக் கேட்டுத்தான் தினமும் ஜெபிக்கிறேன். அன்று அது தி.நகரிலேயே தீர்ந்துவிட்டது. பணம் இல்லை என்று அன்று எவரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் இருக்கிறது, பெயர் எழுத இடம் இருந்தால் வரும். மோட்டார் மூடிக்குள் இருக்கிற பொருள், அதன்மேல் யார் பெயரை எழுதுவது? பெற்றோரிடம் வசூல் செய்து நாமே போட்டுவிடலாமே என்று கேட்டேன். "இந்த வருசம் மோட்டார் போட்டா, அடுத்த வருசம் கரண்ட் பில்லும் நீங்களே கட்டிக்கோங்கன்னுவான்," என்கிறார் வசந்தா. பிள்ளைகள் குறைந்தால், இந்தக் கொஞ்சம் பேருக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நான் ரீனாவை வேறு பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனால் அந்தக் குறைவில் நானும் ஒருத்தி.

இதே போல் கிளம்புகிறவர்களுக்கு: முகூர்த்த நாளில் போகாதீர்கள், எவரும் இருக்கமாட்டார்கள். மனு மூன்று பிரதி, பிளம்பர் மதிப்பீடு மூன்று பிரதி. பழுதான கட்டடம் யார் நிதியில் கட்டியது என்று முதலில் சுவரைப் பார்த்துவிட்டு, அவரிடமே முதலில் போங்கள். நாங்கள் தலைகீழாகப் போனோம்.

வளைவுக்குத் தீர்மானம் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வரும் வியாழன் மாலை நான்கு மணிக்குக் குழு கூடுகிறது. ஒருவர் பெயர் இருக்கிற கட்டடத்தை வேறொரு நிதியில் பழுதுபார்த்துக் காட்டிய பள்ளி உங்களுக்குத் தெரிந்து இருந்தால், எந்த அலுவலகத்தில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கீழே பின்னூட்டத்தில் சொல்லுங்கள். புதன் இரவுக்குள் பதில் வேண்டும்.