இரண்டு இடத்தில் ஓடியவன்

'வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இவன் ஏன் இங்கே வந்து நிற்கிறான்?'

கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் கணவனைப் பார்த்ததும் மனதுக்குள் ஓடியது இதுதான். பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நெருங்கியவர்மேல் நமக்கு முதலில் வருவது அதுதான் போலும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மணிக்கட்டுக்குள் இன்னும் உலோகத் தகடு இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் சர்வர் கணினிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தோம். நான் அவனுக்கு மேலதிகாரி. அன்று பட்டப்பகலில், பழைய கட்டடத்து சர்வரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மெய்நிகர் கணினியை, அதாவது சர்வருக்குள் வெறும் மென்பொருளாக ஓடும் கணினியை, நிறுத்தாமலே, புதிய கட்டடத்து சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அவன் அங்கே. நான் இங்கே. நடுவில் போன்.

அதன் கோப்புகள் நகர்வதில்லை. இரண்டு சர்வர்களும் நெட்வொர்க் வழியே எட்டும் பொதுச் சேமிப்பகத்தில் அவை இருக்கும். நினைவகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே வந்து சேரும். வந்ததும் அங்கே இருப்பது நிற்க வேண்டும். இரண்டும் ஓடினால், ஒரே இடத்தில் இரண்டும் எழுதி எல்லாம் நாசம். அப்போது ஒன்றைக் கொன்றுவிடுவோம். எங்கள் தொழிலில் அதற்குச் 'சுடுவது' என்றே பெயர்.

"தொண்ணூத்தெட்டு சதவீதம் வந்தாச்சு, மேடம். ட்ரீட் உண்டா?"

"முதல்ல முடிடா."

போனில் தடாலென்று ஒரு சத்தம். பிறகு அமைதி...

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே அவன்.

"ஏன்டா இங்க வந்த?"

பதில் போனிலிருந்து வந்தது.

"நான் எங்கயும் வரலயே, மேடம்... சர்வர் அடுக்குன ரேக் என் மேல விழுந்துடுச்சு. வலது கை அடியில... ஆள அனுப்பு..."

அவசர மணியை அழுத்தினேன். திரையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 'ஓடுகிறது'.

வெளியே நின்றவனின் காதோரம் ரத்தம் வழிவதை அப்போதுதான் கவனித்தேன்.

வலது முஷ்டியால் கண்ணாடியைக் குத்தினான். டம்... டம்... கதவு நொறுங்கியது.

என் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான்.

"பழசச் சுடு."

அவன் குரலேதான்.

"மாட்டேன்."

என் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அந்தக் கையாலேயே பழையதைச் சுடும் விசையை அழுத்த வைத்தான்.

"மேட..."

போன் அடங்கியது.

அறையில் நான் மட்டும். தரையெங்கும் கண்ணாடி.

பழைய கட்டடத்திலிருந்து அவனை உயிரோடு மீட்டார்கள். மருத்துவமனை வராந்தாவில், மீட்ட தீயணைப்புக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நாங்க தூக்குற வரைக்கும் வலது கை ரேக்குக்கு அடியிலதாங்க இருந்துச்சு. ஆனா விரல் முட்டியெல்லாம் கண்ணாடிச் சில்லு. அந்த ரூம்ல கண்ணாடியே கிடையாதுங்களே..."

டிஸ்சார்ஜ் ஆன அன்று, கட்டுப் போட்ட கை என் பக்கம் நீண்டது.

"வா. வீட்டுக்குப் போகலாம்."

அந்த முகத்தைப் பார்த்தேன். 'மேடம்' என்று கூப்பிடவில்லை.

"நீங்க போங்க," என்றேன்.