தவமலர் மிஸ்ஸும் தயிர்ப் பெட்டியும்

சட்டத்தரணி தவமலர் மிஸ்ஸைப் பற்றி எழுத, அவரோடு நீதிமன்றத்தில் நின்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அவருடைய வவுனியா அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் நான் முந்திக்கொண்டு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற செவ்வாய் காலை அலுவலகப் பூட்டின் திறப்பு வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் படலையிலேயே அவருடைய தம்பி, "அக்கா விடியப்புறம் எங்களை விட்டுப் போயிட்டா, தங்கச்சி" என்றார். சொல்லிவிட்டு, வழக்கம்போலத் திறப்பையும் தந்தார்.

மிஸ்ஸின் கடைசி வேலை தயிர் வியாபாரி ஜமால்தீன் நானாவின் விண்ணப்பம். போரில் மூடிய பாதை திறந்தபின் நானா நெடுங்கேணித் தயிரை பஸ்ஸில் வவுனியாவுக்குக் கொண்டுவந்தார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்றுவதற்குள் மண்முட்டிகள் பாதி உடைந்துபோகும். அதற்காக ஒரு மட்டைப்பெட்டி செய்தார். மேல்மட்டையின் ஓட்டைகளில் முட்டிகளின் கழுத்து மாட்டிக்கொள்ளும். அடி எதிலும் படாது. அந்த அமைப்பு தன்னுடையது, வேறு யாரும் செய்து விற்கக்கூடாது என்று ஆக்கவுரிமை கேட்டார்.

கொழும்பு ஆக்கவுரிமை அலுவலகத்திலிருந்து மறுப்பு வந்தது. கயிற்று உறியில் தயிர்முட்டி தொங்குவது ஊரறிந்தது, மட்டைப்பெட்டியும் பழையது, இரண்டையும் சேர்க்க யாருக்கும் தோன்றும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் இன்னொரு வியாபாரி அதே பெட்டிக்குள் முட்டிக்கு அடியில் வைக்கோல் வைத்து விற்கத் தொடங்கிவிட்டார். நானா கோபத்தோடு வந்தார்.

"அடி எதிலும் படாமல் எண்டு விண்ணப்பத்தில எழுதினதை வெட்டுங்கோ மிஸ். தொங்கினாப் போதும் எண்டு போடுங்கோ. வைக்கோல்காரனும் மாட்டுவான்."

மிஸ் மறுப்புக் கடிதத்தை எடுத்து மீண்டும் முதலிலிருந்து வாசித்தார். மறுநாள் ஒரு உறி கொண்டுவரச் சொல்லி, யன்னல் கம்பியில் கட்டி, முட்டியை வைத்தார். காணிப் பிரச்சினையோடு வந்தவர்கள் தயிர் என்ன விலை என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே காலை முழுவதும் அதைப் பார்த்தபடி இருந்தார். நானா வந்ததும் அவருடைய விரலைப் பிடித்து முட்டியின் அடியில் வைத்தார். அங்கே கயிறு இருந்தது.

"உறி அடியால தாங்குது நானா. உங்கட பெட்டி கழுத்தால தாங்குது. அதை வெட்டினா உறியும் உங்கட உரிமைக் கோரலுக்குள்ள வந்திடும். பிறகு கொழும்புக்காரர் சொல்லுறது சரிதானே?"

"நீங்க எனக்குச் சட்டத்தரணியோ, அவங்களுக்கோ?"

"முதல் அவைக்கு. அவை எழுதினதை விளங்கினாப்பிறகு உங்களுக்கு."

எத்தனையோ முறை உறியைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அது எப்படித் தாங்குகிறது என்று கண்டேன். ஆனாலும், இப்போது பார்த்தால் பெட்டி யாருக்கும் தோன்றக்கூடியதுதானே என்று மெதுவாகக் கேட்டேன்.

"பெட்டியைப் பாத்தாப்பிறகு தோன்றுறது கணக்கில்லை, பிள்ளை. உறியும் இருந்தது, மட்டையும் இருந்தது. அப்பிடியிருந்தும் சனம் முட்டிக்கு அடியில வைக்கோலைத்தானே வைச்சுது?"

அதையே பதிலில் எழுதினார். செய்ததற்கு மேல் ஒரு சொல் கோரவில்லை. செய்ததில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. 

எதைப் படித்தாலும் எனக்கு வேண்டியதைத் தேடுமுன், எழுதியிருப்பதை முழுதாக வாசிக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.

செத்தவீட்டுக்கு நானா வந்திருந்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரும் மாதம் கொழும்பில் அவருடைய விண்ணப்பத்தின் விசாரணை. மிஸ்ஸை அறிந்த சட்டத்தரணிகளே, உங்களில் ஒருவர் நானாவுக்காக நிற்கவேண்டும். மிஸ் எழுதிய பதிலை அப்படியே வாசித்தால் போதும். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.