மணிவேல் தேடிய ஆள்

எங்கள் தெருவில் கொரோனா ஆப்பை முழு மனசோடு நம்பிய ஒரே மனுஷன் ஆட்டோ மணிவேல். மற்றவர்கள் அதை வைத்திருந்தது ஆபீஸ் கேட்டிலும் பேங்க் வாசலிலும் பச்சை நிறத்தைக் காட்டி உள்ளே போவதற்குத்தான். வெளியே வந்ததும் ப்ளூடூத்தை அணைத்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஆப்புக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை அணைக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பேகோபுரத் தெருப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஸ்ரீபால்.

மணிவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். இருபது வருஷமாக பஸ் ஸ்டாண்டுக்கும் வேங்கிக்காலுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. மனைவி கீதாஞ்சலிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாய், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த நாட்களில் வேறு சவாரி ஏற்றமாட்டார். பின் சீட்டில் தலையணை போட்டு அவளைப் படுக்கவைத்துக் கூட்டிப்போவார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் அவள் குடிக்கக்கூடாது. அதனால் இவரும் அவள் கண்ணெதிரில் தண்ணீர் குடிக்கமாட்டார். சித்திரை வெயிலில் ஓட்டிவிட்டு வந்து, என் கடையில் நின்று ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஆப்பைக் கிண்டல் செய்கிறவர்களிடம் சண்டைக்கே போவார். "எனக்கு வந்தா பரவால்ல, அவளுக்கு ஒட்டிக்கினா முடிஞ்சிது. முன்னாடியே சொல்ற சாமான் ஒண்ணு கையில கீது. அத்த ஏன் அமுத்தி வைக்கிறீங்க?"

ஜனங்கள் ஏன் அமுக்கினார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் அலையில் எங்கள் தெரு அப்பாசாமி வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். பால்காரர் பாக்கெட்டைத் தெருமுனையில் வைத்துவிட்டு ஓடினார். தகரத்தை எடுத்து ஆறு மாசமாகியும் அவர் பெண்ணுக்கு 'தகரக்கார வீட்டுப் பொண்ணு' என்றுதான் பெயர். அதற்கப்புறம் நோயைவிடத் தகரத்துக்குத்தான் பயம். போன் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெருவே நம்பியது.

இரண்டாம் அலையில் சித்ரா பௌர்ணமி வந்தது. கிரிவலம் கூடாது என்று உத்தரவு. வேண்டுதல் உள்ளவர்கள் உத்தரவைக் கேட்பார்களா? சந்துபொந்து வழியாக இரண்டு பேர், மூன்று பேராகச் சுற்றலாம் என்று கிளம்பினார்கள். யார் மலையைச் சுற்றினார்கள் என்று போலீஸ் ஆப்பில் பார்த்துவிடும் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். "ஸ்ரீபாலு, போன் இங்கயே இருக்கட்டும். ஆஃப் பண்ணாத, சந்தேகம் வந்துடும்" என்று பதினேழு பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி ப்ளூடூத்தைப் போட்டே பதினேழையும் மேஜை டிராயரில் அடுக்கினேன். போன்கள் என் கடையில் இருக்க, ஆட்கள் பதினாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தார்கள்.

அன்று மத்தியானம்தான் மணிவேல், சார்ஜ் ஏறவில்லை என்று தன் போனைக் கொடுத்திருந்தார். அவர் கிரிவலம் போகவில்லை. வீட்டில் கீதாஞ்சலிக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தார். சார்ஜிங் பின்னைச் சரிசெய்து சார்ஜ் போட்டு, இடமில்லாமல் அதையும் அதே டிராயரில் வைத்தேன். காலையில் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டிராயரில் போன் வைத்தவர்களில் ஒருவனான பூக்கடை பிரகாஷுக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. அன்றைக்கே ஒவ்வொருவராக என் கடைக்கு ஓடிவந்தார்கள். எல்லார் போனிலும் பச்சை போய் ஆரஞ்சு. தொற்று உள்ளவர் அருகில் இருந்திருக்கிறீர்கள் என்று காட்டியது. எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. மூன்றாவது போனைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்கள் அல்ல, போன்கள்தான் இரவு முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் என் எதிரிலேயே ஆப்பை அழித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் மணிவேல் வந்தார். கடைக்குள் வராமல் தெருவுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"தம்பி, இந்த ஆப்பு தப்பா காட்டுமா?"

உண்மையைச் சொன்னால் கிரிவலக் கதை வெளியே வரும், பதினேழு வீட்டுக்கும் தகரம் வரும், கடைக்கு சீல் வைப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. "சில நேரம் காட்டும்ணா. அழிச்சிடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"அழிச்சிட்டா நோவு போயிடுமா? எவன்கிட்டயோ ஒட்டிக்கினு வந்துட்டேன் போலக்கீது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் சென்டர் வாசலில் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே போனைக் காட்டினார். ஒளிப்பது அவருக்கு வராது. உள்ளே இருபது பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு வாருங்கள் என்றார்கள். அவர்கள் மேலும் குற்றம் சொல்லமுடியாது. அன்றே டெஸ்ட் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வர மூன்று நாளாகும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமையும் ரிப்போர்ட் வரவில்லை. கீதாஞ்சலிக்கு முகமும் காலும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தாள். மணிவேல் ஆட்டோவில் அவளை வைத்துக்கொண்டு மூன்று இடம் சுற்றினார். பெட் இல்லை என்றார்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட் கேட்டார்கள். சென்டர் வாசலில் செக்யூரிட்டி காலில் விழுந்ததைப் பார்த்தவர்கள் வந்து என்னிடம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு நான் யாருடைய போனுக்கோ ஸ்கிரீன் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் ஜைனன். பூச்சி விழுந்து செத்துவிடும் என்று பொழுது சாய்ந்தால் சாப்பிடாத வீடு எங்களுடையது. அன்றைக்கும் பொழுதோடு சாப்பிட்டேன். சோறு இறங்கியது என்பதைச் சொல்லத்தான் கேவலமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் ஆம்புலன்ஸ் கிடைத்து வேலூருக்குப் புறப்பட்டார்கள். போளூர் தாண்டவில்லை. கடைசியில் தண்ணீர் கேட்டாளாம். அளவு பார்க்காமல் கொடுத்திருக்கிறார். இரண்டு வாய் குடித்திருக்கிறாள்.

மறுநாள் போனில் ரிப்போர்ட் வந்தது. இரண்டு பேருக்கும் நெகட்டிவ்.

அப்புறம் மணிவேல் ஆட்டோ எடுக்கவில்லை. கீதாஞ்சலியின் மருந்துச்சீட்டுகள் வைத்திருந்த நோட்டில் ஆப் ஆரஞ்சு காட்டியதற்கு முந்தின வாரம் ஏறிய சவாரிகளை ஞாபகப்படுத்தி எழுதினார். பெயர் தெரிந்தால் பெயர், இல்லையென்றால் 'கண்ணாடி போட்ட ரெவின்யூ சார்' என்கிற மாதிரி. நம்பர் தேடிப்பிடித்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். "சார், உங்களுக்கு ஜுரம் இருந்துச்சா?" பாதிப் பேர் திட்டிவிட்டு வைத்தார்கள். இரண்டு பேர் போலீசுக்குப் போவேன் என்றார்கள். விடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நோட்டோடு கடைக்கு வந்தார். தாடிக்குள் முகம் ஒடுங்கியிருந்தது. தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். வாங்கவில்லை.

"நாப்பத்திமூணு பேரு தம்பி. ஒருத்தருக்கும் நோவு இல்லன்றாங்க. யாரோ பொய் சொல்றாங்க. அந்த ஆளு யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும். சண்டைக்குப் போவமாட்டேன். நான் எங்க அஜாக்கிரதையா இருந்தேன்னு தெரியணும். அது தெரியாம படுக்கமுடியல."

அதற்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை. டிராயரை இழுத்துக் காட்டினேன். பதினேழு போனையும் அவர் போனையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

காலி டிராயரை அவரே உள்ளே தள்ளி மூடினார்.

"அன்னைக்கே நீ சென்டர்ல வந்து சொல்லியிருந்தா, உள்ள உட்டிருப்பாங்க இல்ல?"

"உட்டிருப்பாங்கண்ணா."

கடைப்படியில் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் நம்பரைப் போட்டார்.

"சார், வெச்சிடாதீங்க, ஆட்டோ மணிவேல் பேசறேன். உங்க மேல தப்பு இல்ல சார். அந்த ஆளு கெடைச்சிட்டாரு. தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிச்சிக்கங்க."

அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த நம்பரைப் போட்டார். நாற்பத்துமூன்று பேருக்கும் அதே வார்த்தைகள்தான். முடிகிறவரை அவருக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.