மாயவன் கால் வைத்துச் சொன்ன தரை

மரக்காணத்தில் கைவிட்ட உப்பளம் ஒன்றை நிரவி, விமானம் இறங்கும் ஓடுபாதை என்று பெயர் வைத்திருந்தது ஒரு தனியார் கம்பெனி. கடற்கரையை மேலிருந்து படம் பிடிக்கும் சின்ன விமானம் அங்கே வந்து போகும். தரையை அழுத்த ரோலர் வாங்குவதாகச் சொன்னவர்கள், அதற்குப் பதிலாக மாயவனைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். அதுதான் மலிவு.

மாயவன் பிறந்ததிலிருந்து உப்புப் பாத்தி மிதித்தவன். உப்பளத்தில் தரை இறுகிவிட்டதா என்று பார்க்கக் கருவி கிடையாது. குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்ப்பார்கள். ஓடுபாதையையும் அவன் அப்படியே வெறுங்காலில் நடந்து பார்த்துச் சொல்வான். விமானி ஷஃபி, பக்கத்து ஊரான கூனிமேட்டுப் பையன். மேடுபள்ளமான தரையில் பின்சக்கரங்களைப் பூப்போல வைத்து, மூக்குச் சக்கரத்தைக் கடைசி வரை தூக்கியே பிடித்து இறக்குவான். மாயவன் சொல் அவனுக்கு வேதவாக்கு.

கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் வாக்கி டாக்கியில் ஷஃபி கூப்பிட்டான்.

“அண்ணே, தரை எப்பிடி இருக்குது? சரியில்லன்னா பாண்டிக்கே திரும்பிப் போயிடறேன்.”

மாயவன் கோடி முதல் கோடி வரை நடந்திருந்தான். மேலே வெயிலில் காய்ந்த பொறுக்கு. மிதித்தான். எங்கேயும் காலுக்கு இளக்கமாகத் தெரியவில்லை.

“கல்லாட்டம் இருக்குது தம்பி. தாராளமா எறங்கு.”

பின்சக்கரங்கள் அழகாகத்தான் தொட்டன. ஓடிவந்து, வேகம் குறைந்து, மூக்கு தாழ்ந்த இடத்தில் பொறுக்கு உடைந்தது. அடியில் சேறு. மூக்குச் சக்கரம் புதைய, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. மாயவன் கத்திக்கொண்டே ஓடினான். உடைந்து சிதறிய கண்ணாடியின் மேல் ஏறி நின்று ஷஃபியை வெளியே இழுத்தான். உயிர் இல்லை.

“யானைக்கும் அடி சறுக்கும், மூக்கை அவசரப்பட்டு இறக்கிவிட்டான்” என்றார்கள் கம்பெனிக்காரர்கள். செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

மறுநாள் கூனிமேட்டில் அடக்கம். ஷஃபியின் வாப்பா ஷாகுல் ஹமீது மாயவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ என்னாப்பா பண்ணுவ? அல்லா நாடினது. நீ நடந்து பாத்துத்தான சொன்ன?”

அந்தச் சொல் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. ஆமாம், நடந்து பார்த்துத்தானே சொன்னேன் என்று வழி நெடுகத் தனக்கே சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

வாசலில் மனைவி அமராவதி அவன் நடந்து வந்த தடத்தைக் குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரையில் ரத்தக் கறை. அவனை உட்கார வைத்துக் காலைத் தூக்கினாள். குதிகாலில் விமானக் கண்ணாடித் துண்டு ஒன்று, விரல் நகத்து நீளத்துக்கு, ஆழமாக ஏறியிருந்தது.

“ஏய்யா, நேத்துலேர்ந்து இதோடயா நடந்துனு இருக்கற? வலிக்கல?”

மாயவன் அவள் பிடுங்கிய துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “ஒரு ஊசி எடுத்தாந்து குத்திப் பாரு” என்றான்.

அவள் ஊசியோடு வந்து உட்கார்ந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். நேரம் போயிற்று.

“குத்துடி.”

“குத்தினுதான்யா இருக்கேன்.”

“இந்தக் காலை நம்பியா எறங்குனான் அந்தப் புள்ள” என்று மாயவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.