தட்டியும் நிற்காத லாரி

பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு வீட்டில் அப்துல் மஜீது நிம்மதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதே எழுந்துபோய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருவார். கொட்டகைத் தகரத்தில் ஒரு தேங்காய் விழுந்தால் உடம்பு தூக்கிப்போடும்.

இருபது வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். லடாக்கில் பனிச்சரிவு ஒரு முகாமை மூடியபோது, அடிபட்ட ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஆறு மணி நேரம் இறங்கினார். அதற்குத்தான் சேனா மெடல் கிடைத்தது. பிழைத்தது எட்டுப் பேர். இறந்தவர் திருவையாற்று நெடுஞ்செழியன். வழியெல்லாம் கேபின் பலகையைப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தவர் அவர்தான். நிறுத்தினால் வண்டி சறுக்கிவிடும் என்று மஜீது நிறுத்தவில்லை. ஒரு வளைவுக்குப் பிறகு சத்தம் ஓய்ந்தது.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. இந்த ஜனவரியில் உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். "குடியரசு தினத்துக்கு நீங்கதான் கொடி ஏத்தணும். மெடலோட வாங்க."

"இந்தத் தடவையாவது போங்களேன்," என்றார் மனைவி நஃபீசா.

"நெடுஞ்செழியன் வீட்டுக்குப் போகாம மெடலை எப்படிக் குத்திக்கிறது?" என்றவர் மறுநாள் முதல் பஸ்ஸில் திருவையாறு கிளம்பிவிட்டார்.

நெடுஞ்செழியனின் மனைவி தங்கமணி வயலில் இருந்தார். அறுவடை மெஷின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அன்னைக்கு வண்டி ஓட்டினது நான்தாம்மா. அவர் தட்டினார். நான் நிறுத்தல."

தங்கமணி கையைக் காட்டி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"இத்தனை வருஷமா எங்க போனீங்க? பெட்டியில கொண்டாந்து இறக்கினாங்க. எப்படிப் போனார்னு ஒருத்தரும் சொல்லல. தனியாக் கிடந்து செத்தாரோன்னு நெனச்சு நெனச்சு..."

"தனியா இல்லம்மா. கூட அடிபட்டு வந்த ஒரு கேரளாக்காரர் மடியில வச்சிருந்தார்."

வரப்பிலேயே உட்கார்ந்து தங்கமணி அழுதார். பிறகு, "சாயங்காலம் எம்பொண்ணு காலேஜ் விட்டு வருவா. அவகிட்டயும் சொல்லிட்டுப் போங்க," என்றார்.

மகள் வானதி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். "அப்பா எதுக்குத் தட்டினாரு?"

"நிறுத்தச் சொல்லித்தான். குலுக்கல்ல வலி தாங்கலையாம், அந்தக் கேரளாக்காரர் அப்புறமா சொன்னார்."

மஜீது கிளம்பும்போது அவருடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மஜீது மெடலைக் குத்திக்கொண்டுதான் கொடியேற்றினார். வானதி இப்போது வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். அப்பா ராணுவத்தில் என்ன சாப்பிடுவார், யாரோடு சண்டை போடுவார் என்று கேட்கிறாள். தெரிந்ததைச் சொல்கிறார். தெரியாததை முகாமிலிருந்த பழைய ஆட்களிடம் விசாரித்து வைக்கிறார்.