கோணப்பாரி

பாரி கோணிப்போன வருடம் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கொட்டகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். சட்டியில் எருவும் மண்ணும் நிரப்பி, ஊறவைத்த நெல்லையும் சோளத்தையும் விதைத்து, கோயிலை ஒட்டிய தொழிலாளர் லயத்தில் ஆளில்லாமல் கிடக்கும் காம்பரா அறையில் அடுக்கிவிடுவார்கள். சன்னலுக்குப் பலகை, கதவுக்குச் சாக்கு. பொட்டு வெளிச்சம் படக்கூடாது. தண்ணீர் தெளிக்கப் போகிறவர்களும் இருட்டில் தடவித் தடவித்தான் தெளிக்க வேண்டும். வேறு ஊர்களில் ஒன்பது நாளில் முடிகிற காரியம் எங்கள் குளிருக்குப் பதினைந்து நாள் பிடிக்கும். சாவி தோட்டத் தலைவரின் மனைவியிடம் இருக்கும். எல்லோருக்கும் அவள் தலைவரம்மா.

கதவைத் திறந்த அன்று எல்லாச் சட்டியிலும் முளைகள் மஞ்சளாக, நெட்டுக்குத்தாக நின்றன. அம்மாவின் சட்டியில் மட்டும் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதே மஞ்சள், அதே உயரம், ஆனால் கோணல்.

"சாமி மொகத்தத் திருப்பிக்கிச்சு. வீட்டுல என்ன தீட்டோ, யாரு கண்டா? நீ தூக்காத, பின்னால நில்லு" என்றாள் தலைவரம்மா, ஊரே கேட்க. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுங்கையோடு ஊர்வலத்தின் கடைசியில் நடந்தாள். அந்த வாரமே அவளுக்குக் 'கோணப்பாரி' என்று பெயர் விழுந்தது. நான் கோணப்பாரி மகள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலும் பஸ்ஸிலும் அந்தப் பெயர் எங்களுக்கு முன்னால் போய் நின்றது.

சில மாதம் கழித்து உயிரியல் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தது. புல்லின வித்துகள் முளைக்கும்போது இளங்குருத்தை ஓர் உறை பொத்திக்கொண்டு மண்ணைத் துளைத்து மேலே வரும். அதன் நுனி வெளிச்சத்தை உணரும். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து பட்டால், நுனியில் ஊறும் வளர்ச்சி ஓமோன் மறுபக்கமாக இறங்கி அந்தப் பக்கத்தை மட்டும் நீளவைக்கும். உறை வெளிச்சத்தை நோக்கி வளையும். நுனிக்கு ஒரு தொப்பி போட்டு மூடினால் வளையாது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. சாமியுமில்லை, தீட்டுமில்லை. யாரோ அம்மாவின் சட்டிக்கு மட்டும் வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள். சாவி வைத்திருந்தவளைத் தவிர வேறு யார்?

அந்தக் கோபத்தை ஒன்பது வருடம் ஆறவிடாமல் வைத்திருந்தேன். மேற்படிப்புக்காக வாடகை அறையில் இருந்தபோது, சப்பாத்து வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு நெல் முளைக்கவைத்துப் பார்த்தேன். காலையில் நேராக நின்றது பின்னேரத்துக்குள் ஓட்டையை எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தலைவரம்மாவின் முகம்தான் தெரிந்தது. பிறகு விஞ்ஞான ஆசிரியையாகத் தோட்டத்துக்கே திரும்பினேன். போன திருவிழாவுக்கு நானும் ஒரு சட்டி போட்டேன். பக்தி ஒன்றும் கிடையாது.

"டீச்சர் போறீங்களா? இந்தாங்க சாவி, அப்புடியே நம்ம சட்டிக்கும் தண்ணி தெளிச்சுருங்க" என்று தலைவரம்மாவே கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து எல்லோர் சட்டிக்கும் தெளிப்பது என் பொறுப்பானது.

உறை மண்ணுக்கு மேலே விரலளவு வரும்வரை பொறுத்தேன். குருத்து உறையைக் கிழித்து வெளியே வருவதற்கு முன்னால் வளைத்தால்தான் அடியோடு வளையும். சன்னல் பலகையில் ஓர் ஆணியைப் பிடுங்கிப் பலகையைக் கொஞ்சம் விலக்கி, அந்த இடுக்குக்கு நேரே அவள் சட்டியை மூன்று நாள் வைத்தேன். மற்றச் சட்டிகளைச் சாக்கால் மூடினேன். நான்காம் நாள் ஆணியைத் திரும்ப அடித்தேன். ருசித்துத்தான் செய்தேன்.

திறந்த அன்று அவள் சட்டி முழுக்கக் கோணியிருந்தது. "சாமி மொகத்தத் திருப்பிக்கிச்சு" என்றேன், ஊரே கேட்க. பிறகு யாரோ, "பின்னால நில்லுங்க தலைவரம்மா" என்றார்கள். எனக்கு வயிறு நிறைந்தது போலிருந்தது.

அம்மா மட்டும் அந்தச் சட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"நீதானே?"

"ஆமா. அவ நமக்குச் செஞ்சதத்தான் செஞ்சேன்."

"அவ என்ன செஞ்சா? இன்னைக்கு அவ சட்டி பச்ச புடிச்சிருந்துச்சே. நம்மளது அன்னைக்கு மஞ்சளாத்தானே இருந்துச்சு."

பகல் வெளிச்சம் பட்டால் உறை குட்டையாக நின்றுவிடும், குருத்து கிழித்துக்கொண்டு வந்து பச்சை பிடிக்கும். வருடா வருடம் இதைக் கரும்பலகையில் எழுதுகிறேன். பச்சை பிடிக்காமல், உயரமும் குறையாமல், வளைந்து மட்டும் இருந்தால் அது மிகச் சின்ன வெளிச்சம்.

"ஒரு அகல் ஏத்தி வச்சேன்" என்றாள் அம்மா. "தண்ணி தெளிக்கப் போறப்பல்லாம் ஏத்தி, மத்த சட்டிக்கு வெளிச்சம் போகாம ஒரு டின்னுக்குப் பின்னால மறச்சு வச்சுட்டு வருவேன். நீ பரீட்ச எழுதுற வருசம். சட்டி இருட்டுல கெடந்தா ஒம் படிப்பும் இருட்டாயிருமோன்னு பயம். வெளக்கு வைக்கக் கூடாதுன்னு தெரியும். அதான் அவ பேசுனப்போ வாயத் தொறக்கல."

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. தலைவரம்மா சாவியை வைத்து ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னது அவள்தான், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போய்ச் சொல்லிவிடு என்று அம்மா தினமும் சொல்கிறாள். நான் போகவில்லை. அந்த வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்க என் கால் வராது.

போன வாரம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. தலைவரம்மாவின் கடைசி மகள் என்னிடம்தான் படிக்கிறாள். இப்போது பிள்ளைகள் அவளைத்தான் கோணப்பாரி மகள் என்கிறார்கள். வளைந்த முளையின் படத்தை நான் வரைந்து முடித்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு பக்கமா வெளிச்சம் பட்டாத்தான் வளையுமா?"

"ஆமா."

"அப்ப எங்கம்மா சட்டிக்கு யாரோ வெளிச்சம் காட்டியிருக்காங்க." படத்தையே பார்த்தபடி நின்றாள். "அந்த நாள்ல சாவிய யாரு வாங்கிட்டுப் போனாங்கன்னு அம்மாகிட்ட கேக்குறேன், டீச்சர்."