பாக்கெட் மாவு ஸ்டவுட்

சனிக்கிழமை காலை மயில்சாமி முதலில் செய்வது, சமையலறையை ஒட்டிய புகை அலாரம் ஆவிபட்டு அலறாமலிருக்க அதற்கு ஷவர் கேப் மாட்டுவது. பிறகு பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, அடுப்பில் பானையை ஏற்றுவார். இர்விங் அபார்ட்மென்டின் மின்சார அடுப்பில் இருபது லிட்டர் கொதிக்காது. பத்து லிட்டரைக் கொதிக்கவைத்து, ஆறியதும் தண்ணீர் சேர்ப்பார். பொள்ளாச்சிக்காரர், வயது நாற்பத்திரண்டு, டேட்டாபேஸ் வேலை. பீர் காய்ச்சுவது பொழுதுபோக்கு என்பார். முகத்தைப் பார்த்தால் பரீட்சை எழுதுவது போலிருக்கும்.

பரீட்சை வைப்பவர் அச்சுதன். இருவரும் ஒரே கம்பெனிக்கு ஒரே விமானத்தில் வந்தவர்கள். அச்சுதனுக்குப் பக்கத்து ஊரான பிளேனோவில் சொந்த வீடு. கராஜ் நிறைய எஃகுப் பாத்திரங்கள், பம்பு, குழாய்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைத்து, சுடுநீரில் ஊறவைத்து, சாறு இறக்கி, நாள் முழுக்க ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர் காய்ச்சுவார். அந்தச் சாற்றையே யாரோ சுண்டவைத்து டப்பாவில் அடைத்த பாகுதான் மயில்சாமிக்கு. "நான் ஊறவச்சு அரைச்சு இட்லி ஊத்துறேன் மச்சி. நீ பாக்கெட் மாவு" என்று அச்சுதன் ஒரு விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னதை மயில்சாமி இன்றைக்கும் அதே ராகத்தில் சொல்லிக்காட்டுவார்.

பொறாமையை அவர் ஒளிப்பதில்லை. அச்சுதனின் மனைவி ஜலஜா குவைத்தில் பிறந்தவர். கிரீன் கார்டு வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது; கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாடு போதும். அதனால் அந்தக் குடும்பம் கூட்டமில்லாத குவைத் வரிசையில் நின்று இரண்டே வருடத்தில் கிரீன் கார்டு வாங்கிவிட்டது. மயில்சாமியும் மனைவி கலாவதியும் பிறந்தது ஒரே அரசு ஆஸ்பத்திரியில். பதின்மூன்று வருடமாக இந்திய வரிசையில் நிற்கிறார்கள். விசா எப்போது முடியுமென்று தெரியாமல் எந்த நம்பிக்கையில் வீடு வாங்குவது? பிறப்பைக் கேட்டு மனிதனை நிறுத்திவைக்கும் ஊரிலிருந்து கிளம்பி வந்தவரிடம் இந்த நாடும் அதையேதான் கேட்டது. "இதுல தெறம எங்கிருந்துங்க வந்துச்சு? மாமனார் குவைத்துக்குப் போனாரு, அதான் அவன் தெறம" என்பார், பானையைக் கிண்டிக்கொண்டே.

அச்சுதனின் ஸ்டவுட் குறிப்பைப் பாகில் செய்து காட்டப் போன வருடம் முழுக்கப் போராடினார். ஒரு கிலோ முளைப்பார்லிக்கு முக்கால் கிலோ பாகு. கறுக வறுத்த பார்லியைத் துணியில் கட்டி டீத்தூள் போல ஊறவைத்தால் போதும். அதுவரை சுலபம். நுரைக்காகச் சேர்க்கும் பார்லி அவல்தான் காலை வாரியது. மூன்று தடவை புளித்துப்போனது. "ஏனுங்க, கழனித்தண்ணியாட்ட இருக்குது" என்றார் கலாவதி. நான்காவது தடவைதான் பிடிபட்டது: அவலின் மாவுச்சத்து அப்படியே தங்கினால் புளிக்கிறது; அதைச் சர்க்கரையாக்க அவலுடன் கொஞ்சம் முளைப்பார்லியும் வேண்டும், இரண்டையும் கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சுடுநீரில் வைத்திருக்க வேண்டும். எல்லாத் தானியத்தையும் சேர்த்தே ஊறவைக்கும் அச்சுதனுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் அவசியமே வந்ததில்லை.

போன ஞாயிறு அச்சுதன் அந்த ஸ்டவுட்டைக் குடித்தார். கிளாஸை மறுபடி நீட்டினார். மகனின் நீச்சல் வகுப்பில் சனிக்கிழமைகள் போய்விடுகின்றன, கராஜ் பக்கமே போவதில்லை என்றார். பிறகு, "உன் வெர்ஷன அனுப்பு மயிலு. என் பர்த்டேக்கு எல்லாரையும் கூப்ட்ருக்கேன், பாகுன்னா சீக்கிரம் முடியும், அதையே காய்ச்சிப் போட்டுர்றேன்."

அன்று மாலையே மயில்சாமி சோபாவில் உட்கார்ந்து செல்போனில் நிதானமாகத் தட்டினார். பாகின் எடை, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், அவலோடு சேர வேண்டிய முளைப்பார்லி, அதற்கான ஒரு மணி நேரச் சுடுநீர், எது எத்தனை நிமிடம், எதுவும் விடவில்லை. முழுவதையும் ஒருமுறை படித்தார். பிறகு கட்டைவிரல் அவல் வரியின் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே பின்னால் வந்து, 'பார்லி அவல், அரைக் கிலோ' என்ற இடத்தில் நின்றது. அப்படியே அனுப்பினார்.